நண்டு வரைந்த கோடு: நிறமணலும் இயற்கைக் கவிதையும் வகுப்பறையில்

நிறமணலால் தரையிலோ தட்டிலோ படம் அமைக்கும் கலை உலகின் பல மூலைகளில், ஒன்றையொன்று அறியாமல் வளர்ந்தது. வளர்ந்த இடங்களில் அது பெரும்பாலும் ஊமையாக இருந்ததில்லை. பாட்டோ கதையோ அதற்குத் துணையாக இருந்தது. கேரளத்துக் களமெழுத்தில் அரிசிமா, மஞ்சள், உமிக்கரி, இலைப்பொடி, மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த சிவப்பு ஆகிய ஐந்து நிறப் பொடிகளால் தெய்வத்தின் உருவம் எழுதப்படுகிறது. பிறகு அந்த உருவத்தை அங்கம் அங்கமாக வருணித்துப் பாடுகிறார்கள். பாட்டு முடிந்ததும் களம் அழிக்கப்படுகிறது. அமெரிக்கத் தென்மேற்கின் நவஹோ மக்கள் நோய் தீர்க்கும் சடங்கில் நிறமணலும் கரியும் மகரந்தமும் தூவிப் படம் இடுகிறார்கள். அதற்கென்று பாட்டு உண்டு. சடங்கு முடிந்தபின் அந்தப் படமும் கலைக்கப்படும். பசிபிக் தீவுநாடான வனுவாட்டுவில் விரலை எடுக்காமல் ஒரே கோட்டில் மணற்படம் வரைவார்கள், வரைந்தபடியே கதை சொல்வார்கள். 2008இல் யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலில் அந்தக் கலை இடம்பெற்றது. சிக்குக்கோலம் போட்டுப் பழகிய கைக்கு அந்தக் கோட்டின் போக்கு உடனே பிடிபடும்.

ஆகவே மணற்படத்தையும் இயற்கைக் கவிதையையும் ஒரே வகுப்பில் சேர்ப்பதை இக்காலக் கல்வியியலின் கண்டுபிடிப்பாகக் கொள்ள வேண்டியதில்லை. ஒன்றாய் இருந்து பிரிந்தவற்றை அது மறுபடி சேர்க்கிறது. அப்படிச் சேர்த்துப் பார்க்க இலங்கையில் திருகோணமலை மாவட்டத்துக்கு நிகரான கரையைக் காண்பது அரிது. அந்தக் கரையில் நிறம் மணலிலேயே இருக்கிறது. கடையில் வாங்கிக் கலக்கத் தேவையில்லை.

கரையின் நிறங்கள்

திருகோணமலை நகரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 55 கிலோமீற்றர் தூரத்தில் உள்ளது புல்மோட்டை. அங்கே கடற்கரை மணல் கறுப்பு. ஏறத்தாழ 7 கிலோமீற்றர் நீளும் அந்தப் படிவின் கனமான கனியங்களில் சுமார் 70 விழுக்காடு இல்மனைற், அதாவது இரும்பும் தைத்தானியமும் ஒட்சிசனும் சேர்ந்த கனியம். ரூட்டைலும் சிர்கோனும் அதற்கு அடுத்த நிலையில் உள்ளன. கார்னட்டும் மொனசைற்றும் சிறிதளவு கலந்திருக்கின்றன. 1957இல் கனிய மணலுக்கென்று அரச கூட்டுத்தாபனம் அமைந்த காலத்திலிருந்து இந்த மணல் ஏற்றுமதிப் பண்டம். வெள்ளைப் பெயின்றின் வெண்மை இந்த மணலில் உள்ள தைத்தானியத்திலிருந்து வருகிறது. கரிய மணலின் வயிற்றில் உலகிலேயே பளிச்சிடும் வெண்மை இருக்கிறது என்னும் இந்த ஒரு செய்தியே ஒரு பாடவேளைக்குப் போதும்.

சித்திர வகுப்புக்கு வேண்டியது, ஒவ்வொரு கனியத்துக்கும் தனி நிறம் உண்டு என்பது. இல்மனைற் கரிக்கறுப்பு. ரூட்டைல் செம்பழுப்பு. கார்னட் மாதுளை முத்தின் சிவப்பு. சிர்கோன் நிறமில்லாதது முதல் வெளிர்மஞ்சள் வரை. இவற்றோடு எங்கும் நிறைந்த குவாட்ஸ் துகள்கள் கண்ணாடிபோலவும் வெள்ளையாகவும் கிடக்கின்றன. உள்நாட்டுப் பாறைகள் நெடுங்காலம் வெயிலிலும் மழையிலும் சிதைந்து, ஆறுகளின் வழியே கடலை அடைந்து, அலையால் பிரிக்கப்பட்டுக் கரையில் படிந்தவை இவை. அலை ஏறி வரும்போது எல்லாத் துகள்களையும் தூக்கி வருகிறது. திரும்பும் நீருக்கு அந்த வலு இல்லை. இலேசானவற்றை மட்டும் இழுத்துச் செல்கிறது. இல்மனைற் துகள் அதே பருமனுள்ள குவாட்ஸ் துகளைப்போல ஒன்றே முக்கால் மடங்கு எடையுள்ளது. ஆகவே அது கரையில் தங்கிவிடுகிறது. வாடைக்காற்றுக் காலத்தின் பெரிய அலைகள் ஆண்டுதோறும் புதிய கருமணலைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. சுளகில் அரிசி புடைக்கும் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு இதை விளக்கப் படம் வேண்டாம். கடல் ஒரு பெரிய சுளகு.

தெற்கே வர நிறம் மாறுகிறது. நிலாவெளி, உப்புவெளிக் கரைகள் வெளிறியவை. புறாத்தீவை அடுத்த பக்கங்களில் முருகைக்கல் துண்டும் சிப்பித் தூளும் மணலோடு கலந்திருக்கும். ஒரு சிட்டிகை எடுத்து ஒரு துளி வினாகிரி விட்டால் நுரைக்கும். குவாட்ஸ் மணல் நுரைக்காது. கொட்டியாரக் குடாவில் மகாவலி கலக்கும் மூதூர்ப் பக்கத்தில் ஆற்றின் பழுப்பு ஏறியிருக்கும். உள்ளே தம்பலகாமத்தில் வயல்மண், கந்தளாயில் குளக்கரை மண். ஒரே மாவட்டத்தில் பிள்ளையின் கைக்கு எட்டும் தூரத்தில் இத்தனை நிறங்கள் இருக்க, வகுப்பறைச் சுவரில் ஒட்டிய மணற்படத்துக்குச் சாயக்கடை நீலம் வாங்குவது வருத்தத்துக்குரியது.

இயற்கையான நிறத்தை மட்டும் கொண்டு எவ்வளவு செய்யலாம் என்பதற்கு ஒரு சான்று உண்டு. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் வாழ்ந்த அன்ட்ரூ கிளெமென்ஸ் (1857–1894) சிறுவயதில் நோயால் செவிப்புலன் இழந்தவர். ஆற்றங்கரைப் பாறையில் இயற்கையாகவே பல நிறத்தில் கிடைத்த மணலைச் சேர்த்து, தன் கையால் செய்த குச்சிகளால் கண்ணாடிக் குப்பிக்குள் துகள் துகளாக அடுக்கிப் படங்கள் அமைத்தார். பசையும் இல்லை, சாயமும் இல்லை. மணலின் இறுக்கமே படத்தைத் தாங்கியது.

தமிழர் வழக்கிலும் நிறமணலுக்கு இடமுண்டு. குமரிமுனையில் யாத்திரிகருக்கு நிறமணற் பொட்டலம் விற்பது பழைய வழக்கம். பகவதியின் திருமணம் நடவாமல் போக, விருந்துக்கென்று வைத்த அரிசியும் மற்றவையும் மணலாகிவிட்டன என்பது அங்குள்ள கதை. வெள்ளைத் துகளை அரிசியாகவும் மற்ற நிறங்களை மற்றப் பண்டங்களாகவும் அந்தக் கதை கண்டது. அங்கும் கறுப்பு இல்மனைற், சிவப்பு கார்னட். அலை பிரித்தது என்னும் விளக்கமும் விருந்து மணலானது என்னும் கதையும் ஒரே கைப்பிடி மணலைப் பற்றியவை. வகுப்பில் இரண்டையும் சொல்ல வேண்டும்.

இந்த இரண்டு பார்வையும் ஒருவரிடமே கூடியிருந்ததற்கு இலங்கையிலேயே எடுத்துக்காட்டு உண்டு. கீழைக் கலைகளின் பேரறிஞராக உலகம் அறியும் ஆனந்த குமாரசுவாமி (1877–1947) முதலில் புவிச்சரிதவியலாளர். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிய அளவைப் பணியின் இயக்குநராக இருந்தவர். அவருடைய இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூல் 1908இல்தான் வந்தது. கல்லைப் பார்த்துப் பழகிய கண் பின்னர் கலையைப் பார்த்தது.

மணலில் எழுத்து

மணல் தமிழ் வகுப்பறைக்கு அந்நியம் அன்று. அதுவே முதல் பலகை. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஓலையும் எழுத்தாணியும் பிடிக்குமுன் மணலில் விரலால் எழுதிப் பழகியது. சிங்களக் கிராமங்களிலும் அந்த வழக்கம் இருந்தது. விசயதசமியன்று ஏடு தொடக்கும்போது தட்டில் பரப்பிய பச்சரிசியில் குழந்தையின் விரலைப் பிடித்து அகரம் எழுதுவிப்பது அதே பழக்கத்தின் மங்கலமான எச்சம்.

இத்தாலியப் பயணி பியத்ரோ தெல்லா வல்லே 1623இல் கன்னட நாட்டு இக்கேரிப் பகுதியில் ஒரு கோயில் முன்றிலில் கண்டதை எழுதிவைத்திருக்கிறார். சிறுவர்கள் தரையில் நுண்மணல் பரப்பி, விரலால் எண்களை எழுதிக் கணக்குப் படித்தனர். எழுதும்போதே பாடத்தை இராகமாகப் பாடினர். இடம் நிறைந்ததும் அழித்துப் புதுமணல் தூவினர். ஆசிரியர் அங்கே இல்லை, ஒருவர்க்கொருவர் சொல்லிக்கொடுத்தனர். இக்காட்சியில் மூன்று செய்திகள் ஒருங்கே உள்ளன: விரலும் வாயும் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன, தவறு உடனே மறைகிறது, பிள்ளைகளே ஒருவரையொருவர் திருத்துகிறார்கள். எண்ணுக்குப் பதிலாகக் கவிதை வரியை வைத்தால், இங்கு பேசப்படும் வகுப்பு அதுதான்.

ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தின் பொறுப்பை 1789இல் ஏற்ற ஸ்கொத்லாந்தர் அன்ட்ரூ பெல், ஊர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டார். அந்தப் பள்ளியை அவர் மலபார்ப் பள்ளி என்று குறிக்கிறார். அக்காலத்து ஐரோப்பியர் தமிழரையும் அந்தச் சொல்லால் அழைத்தனர். தம் இல்லத்திலும் அரிச்சுவடியை மணலில் எழுத வைத்தார். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குக் கற்பிக்கும் முறையையும் அங்கேயே வளர்த்தார். 1797இல் இலண்டனில் அவர் வெளியிட்ட சிறுநூலின் வழி அந்த முறை இங்கிலாந்துப் பள்ளிகளுக்குப் போனது. இலண்டன் ஏழைப்பிள்ளைகள் மணற்தட்டில் எழுத்துப் பழகியதற்குப் பின்னால் பெயர் தெரியாத தமிழ்ப் பிள்ளைகளின் விரல்கள் இருக்கின்றன.

பிறகு கற்பலகை வந்தது, கொப்பி வந்தது, மணல் முற்றத்துக்குத் திரும்பியது. அதில் இழப்பு இருந்தது என்பதை இப்போதைய முன்பள்ளிகள் உணர்ந்து மணற்தட்டைத் திரும்பக் கொண்டுவந்திருக்கின்றன. ஆயினும் அங்கே அது எழுத்தோடு நின்றுவிடுகிறது.

பாட்டில் கிடக்கும் மணல்

கடலும் கரையும் சார்ந்த நெய்தல் திணைச் சங்கப் பாட்டுகளில் மணல் வெறும் பின்னணி அன்று. அவற்றில் வரும் பெண்கள் மணலில் சிற்றில் என்னும் சிறுவீடு கட்டுகிறார்கள், வண்டற்பாவை செய்கிறார்கள், நண்டைத் துரத்தி விளையாடுகிறார்கள். பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியம் சிற்றிலுக்கென்று ஒரு பருவத்தையே ஒதுக்கியிருக்கிறது. கண்ணை மூடி மணலில் வட்டம் சுழித்து, முனைகள் கூடினால் காதலன் வருவான் என்று குறி பார்ப்பது கூடல் இழைத்தல். ஆண்டாளின் நாச்சியார் திருமொழியில் நான்காம் பதிகம் முழுவதும் அதுவே. அதே நூலின் முதற் பதிகத்தில் மாசி முன்னாளில் தெரு நுண்மணலால் அணிசெய்யப்படுகிறது. மாக்கோலத்தோடு மணற்கோலமும் தமிழுக்குப் பழையது என்பதற்கு அது போதிய சான்று.

மணலுக்கான சொற்களும் பல. குவிந்த மணல் எக்கர். நுண்மணல் அயிர். நீர் அரித்து வரிவரியாக விட்ட கருமணல் அறல். சங்கப் புலவர்கள் பெண்ணின் நெளிந்த கூந்தலுக்கு அறலை உவமை சொன்னார்கள். அந்த உவமையை மனப்பாடமாகப் படித்த பிள்ளைக்கு அறல் ஓர் அருஞ்சொற்பொருள். புல்மோட்டைக் கரையில், அலை இறங்கிய பிறகு வெளிர்மணல் மீது கறுப்பு நெளிவுகள் கிடப்பதைப் பார்த்த பிள்ளைக்கு அது கண்முன் உள்ள பொருள். ஈராயிரம் ஆண்டுக்கு முந்திய உவமையின் மூலப்பொருளைத் தீப்பெட்டியில் வைத்து வகுப்பறைக்குக் கொண்டுவர முடியும் என்பது இந்த மாவட்டத்துத் தமிழாசிரியருக்குக் கிடைத்த பேறு.

பாடமாக எடுத்துக்கொள்ள மிகப் பொருத்தமான பாட்டு குறுந்தொகை 351. பாடியவர் அம்மூவனார், ஐங்குறுநூற்றில் நெய்தல் நூறையும் பாடியவர் அவரே. வளையில் வாழும் நண்டு தன் வளைந்த கால்களால் விரைந்தோடி, கூரிய நகத்தால் ஈரமணலில் கோடு வரைகிறது. இடிபோல் முழங்கும் அலை வந்து உடைந்து அந்தக் கோட்டை அழிக்கிறது. அத்தகைய துறைக்கு உரியவனுக்கு நம் வீட்டார் மணம் நேர்ந்துவிட்டனர் என்று தோழி தலைவியிடம் மகிழ்ச்சியாகச் சொல்கிறாள். புன்னை ஓங்கிய, மீன் நாறும் அந்தச் சேரியில் ஊரார் பேசிய அலர் இனியும் நீடிக்குமா என்று கேட்கிறாள். நண்டின் கீறல்கள் அலராகவும் அவற்றைத் துடைத்த அலை திருமணமாகவும் நிற்கின்றன என்று கொள்ளலாம்; பாட்டு அதை வெளிப்படச் சொல்வதில்லை.

இப்பாட்டு மணலில் படம் வரைவதைப் பற்றியது என்பதை வகுப்பில் முதலிலேயே சொல்லிவிடலாம். வரைபவர் நண்டு, அழிப்பவர் கடல். பிறகு கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: புலவர் ஏன் மணலை ஈரமணல் என்று சொன்னார்? அந்தக் கேள்விக்கு விடை சொல்லிக்கொடுக்கக் கூடாது. ஒரு தட்டில் காய்ந்த மணலும் மறுதட்டில் நனைந்த மணலும் வைத்து, ஓர் ஈர்க்கால் இரண்டிலும் கீறச் சொல்ல வேண்டும். காய்ந்த மணலில் கோட்டின் இரு கரையும் சரிந்து மூடிக்கொள்ளும். நனைந்த மணலில் கோடு கூர்மையாக நிற்கும். அந்த ஓர் அடைமொழி வேலை செய்கிறது, அழகுக்காக ஒட்டப்படவில்லை என்பதைப் பிள்ளை தன் விரலால் அறிகிறது. இலக்கணப் புத்தகம் பெயரடையைப் பற்றி ஒரு பக்கத்தில் சொல்வதை விட அந்தக் கீறல் அதிகம் சொல்லும்.

வகுப்பு நடக்கும் முறை

தொல்காப்பியம் ஒரு திணையை முதல், கரு, உரி என்று மூன்றாகப் பிரிக்கிறது. இடமும் பொழுதும் முதற்பொருள். அங்கு வாழும் உயிரும் மரமும் தொழிலும் கருப்பொருள். மனத்தில் நிகழ்வது உரிப்பொருள். வகுப்பும் இதே வரிசையில் போக வேண்டும், உரிப்பொருளைக் கடைசிவரை தொடாமல். கடலைப் பார்த்து என்ன உணர்ந்தாய் என்ற கேள்வியோடு தொடங்கும் கவிதை வகுப்பு பெரும்பாலும் பொதுவான வார்த்தைகளில் முடிகிறது. என்ன பார்த்தாய் என்று தொடங்கினால் உணர்வு தானே வந்து சேரும்.

முதலில் நடை. ஒரு தீப்பெட்டி அளவு மணல், அதற்கு மேல் வேண்டாம். அளவு சிறிதானால் தெரிவு கவனமாகும். கடற்கரைக்குப் போக இயலாத பள்ளிக்கு வயல்வரம்பும் குளக்கட்டும் போதும். நெய்தலுக்குப் பதிலாக மருதம். எடுத்த இடமும் நேரமும் காற்றும் தீப்பெட்டியின் மேல் எழுதப்பட வேண்டும். கீழ்க்கரையில் காற்றுக்குப் பெயர் உண்டு. வடகிழக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், ஆண்டின் நடுப்பகுதியில் நிலத்தைத் தாண்டிச் சூடேறி வருவது கச்சான். காற்றின் பெயரை எழுதும் பிள்ளை முதற்பொருளை எழுதிவிட்டது.

கடல்மணலை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிக் காயவைக்க வேண்டும். உப்பு இருந்தால் ஈரம் இழுக்கும், துகள் கட்டியாகும். அடுத்து நிறம் பிரித்தல். சிரட்டையில் மணலும் நீரும் விட்டு மெல்லச் சுழற்றினால் வெளிர்மணல் விளிம்பில் ஏற, கருமணல் அடியில் தங்கும். வலுவான காந்தத்தைக் கடதாசியில் சுற்றி, காய்ந்த மணலின் மேல் நகர்த்தினால் கருந்துகள்களில் ஒரு பகுதி எழுந்து ஒட்டும். கைவில்லையின் கீழ் ஒரு சிட்டிகை மணலில் எத்தனை நிறம் என்று எண்ணலாம். இது விஞ்ஞானம், இது தமிழ் என்ற வேலி இந்தக் கட்டத்தில் இல்லை. ஆரம்பப் பிரிவில் சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள், தாய்மொழி இரண்டையும் ஒரே வகுப்பாசிரியர் கற்பிப்பதால் தரம் 3 முதல் 5 வரை இதற்கு மிக ஏற்ற காலம். தரம் 6 முதல் தமிழும் விஞ்ஞானமும் சித்திரமும் வெவ்வேறு ஆசிரியரிடம் போய்விடுவதால் மூவரும் பேசி வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

நிறம் பிரிந்ததும் பெயரிடுதல். முழு வகுப்பின் இதயம் இங்கேதான் இருக்கிறது. கறுப்பு, வெள்ளை, சிவப்பு என்ற சொற்கள் இந்த நேரத்துக்கு விலக்கப்படும். ஒவ்வொரு மணலுக்கும் பிள்ளை தானே பெயர் வைக்க வேண்டும். பானையடிக் கரி, காகத்தின் கழுத்து, பழைய ஓடு, வெட்டிய மாதுளை, காய்ந்த கருவாட்டின் வயிறு என்று பெயர்கள் வரத் தொடங்கும்போது வகுப்பு உவமைக்குள் நுழைந்துவிட்டது. இங்கே உவமை சோடனைக்கு வரவில்லை. காகத்தின் தலையும் கழுத்தும் ஒரே கறுப்பு அல்ல என்று தெரிந்தவரால்தான் இரண்டு கருமணலை இரண்டாகப் பிரிக்க முடியும். ஒரு மணலை இன்னொரு மணலிலிருந்து பிரித்தறியும் கருவியாக உவமை வருகிறது.

பிறகுதான் படம். கறுப்புத் துணி விரித்த தட்டோ பலகையோ போதும். கோலமா விடும் அதே விரற்பிடியில், பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே மணல் ஒழுக வேண்டும். வீட்டில் கோலம் போடும் பிள்ளை இங்கே மற்றவருக்கு ஆசிரியர். இந்த மாவட்டத்தில் தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகள் அண்டை ஊர்களில் படிக்கிறார்கள். கோலம் என்ற பெயர் சிலருக்கு வழிபாட்டோடு ஒட்டியது. மணற்படம் என்றால் கிண்ணியாவுக்கும் கந்தளாய்க்கும் பொதுவாகிவிடும். படத்துக்கு விதி சில: ஓர் இடம், ஒரு பொழுது, ஓர் உயிர், ஒரு செடி. தன் கண்ணால் பார்த்தது மட்டும். அச்சிட்ட வெளிக்கோட்டுக்குள் நிறம் நிரப்பும் வேலைக்கு இங்கே இடமில்லை.

கண்ணால் பார்த்தது என்ற விதி எவ்வளவு கடினமானது என்பது சூரியனில் தெரியும். கடற்கரை வரையச் சொன்னால் நாட்காட்டிப் படத்தில் பார்த்த பழக்கத்தில் பிள்ளைகள் கடலில் மறையும் சூரியனை வரைவார்கள். திருகோணமலையின் திறந்த கடல் கிழக்கே இருக்கிறது. டச்சுக்குடாவில் நின்றால் சூரியன் கடலிலிருந்து எழும். மாலையில் முதுகுப்பக்கம் இறங்கும். ஆனால் நகரம் ஒடுங்கிய நிலக்கழுத்தில் அமைந்திருப்பதால், சிறிது தூரம் நடந்து துறைமுகத்தின் உட்பக்கம் வந்தால், நீருக்கு அப்பால் கரைமேட்டின் பின்னால் அதே சூரியன் மறைவதைப் பார்க்கலாம். நெய்தலுக்குத் தொல்காப்பியம் தரும் பொழுது எற்பாடு, அதாவது சூரியன் சாயும் வேளை. அந்தப் பொழுதில் எந்தக் கரையில் நின்றாய் என்ற கேள்வி, படத்தில் சூரியனைச் சரியான இடத்தில் வைக்கும். செடிகளும் அவ்வாறே. எல்லாப் படத்திலும் தென்னை வருவதற்குப் பதிலாக அடம்பங்கொடி, தாழை, கண்டல், கூரிய கதிர்க்கொத்து உருண்டோடும் இராவணன்மீசைப் புல் என்று வரத் தொடங்கும். இராவணன் வெட்டு என்னும் பாறைப் பிளவு இருக்கும் ஊரில் அந்தப் புல்லின் பெயரைப் பிள்ளைகள் ஒருமுறை கேட்டால் மறக்கமாட்டார்கள்.

படத்துக்குப் பின்னர் கவிதை. ஐங்குறுநூற்றின் பாட்டு மூன்றடி முதல் ஆறடி. குறுந்தொகை நான்கு முதல் எட்டு. பிள்ளைக்கும் அந்த அளவே போதும். மணலுக்கு வைத்த பெயர்களில் ஒன்றாவது வரவேண்டும். அழகு, இனிமை, இன்பம் என்ற சொற்கள் வரக்கூடாது. நடைக்கு முன் எழுதச் சொன்னால், கடல் அழகானது, அலைகள் ஆடிப்பாடுகின்றன என்ற வகையில் வரும். மணலுக்குப் பின் வரக்கூடிய வகையைக் காட்ட, இதற்கென்று அமைத்த மூன்று வரிகள்:

கரைவலைக் கயிறு இழுத்த பள்ளத்தில்
பானைக்கரி மணல் வரியாய்க் கிடக்கு.
நேற்றைய நண்டுக்கு இன்று வேறு வாசல்.

இதில் துன்பமோ மகிழ்ச்சியோ சொல்லப்படவில்லை. வீடு மாறிய நண்டைப் பார்த்த பிள்ளை எந்த வீட்டிலிருந்து வந்தது என்பதை வரிகள் வாசிப்பவரிடம் விட்டுவிடுகின்றன. பேச்சுவழக்கு வினை ஒன்று உள்ளே வந்திருப்பதையும் திருத்தவேண்டியதில்லை.

கடைசிப் பயிற்சி மிகவும் பயன் தருவது. ஒரு பிள்ளையின் கவிதையை, அதன் படத்தைப் பார்க்காத இன்னொரு பிள்ளையிடம் கொடுத்து, அதைப் படித்து மணற்படம் இடச் சொல்ல வேண்டும். பின்னர் இரண்டு படத்தையும் பக்கத்தில் வைக்கலாம். பள்ளம் நேராக இருந்ததா வளைந்திருந்ததா, நண்டின் வளை நீருக்கு எவ்வளவு அருகில், பொழுது காலையா மாலையா என்று வேறுபாடுகள் தெரியும். படங்கள் எங்கே பிரிகின்றனவோ அங்கே கவிதை ஒன்றைச் சொல்லாமல் விட்டிருக்கிறது. அதைச் சேர்ப்பதா, வாசகருக்கே விடுவதா என்று எழுதிய பிள்ளை முடிவு செய்யட்டும். செப்பனிடுதல் என்பதைப் பத்து வயதில் இவ்வளவு தெளிவாகக் காட்டும் வேறு வழி எளிதில் கிடைக்காது. ஆசிரியரின் சிவப்புப் பேனை இங்கே தேவைப்படவில்லை.

மணல் இடும் வேலை ஒரு பாடவேளைக்குள் அடங்காது. அடுத்தடுத்த இரண்டு பாடவேளைகள் வேண்டும். கச்சான் வீசும் மாதங்களில் காற்று எழுமுன் காலையிலேயே முடிப்பது நல்லது. மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும்.

எச்சரிக்கைகள்

சாயம் முழுவதும் விலக்கல்ல. கரையில் பச்சையும் நீலமும் கிடைப்பதில்லை. காய்ந்த இலைப்பொடி பச்சை தரும். சங்குப்பூச் சாறு நீலம் தரும். எலுமிச்சம்புளி பட்டால் அது ஊதாவாகவும் இளஞ்சிவப்பாகவும் மாறும். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் ஆரத்தித் தட்டின் சிவப்பு. கஞ்சி கலந்து மணலில் பிசைந்து நிழலில் உலர்த்தினால் நிறம் ஒட்டும். அவசரத்துக்கு நிறவெண்கட்டியை மணலோடு தேய்த்தாலும் போதும். ஆனால் இயற்கை மணலைப் பார்த்துப் பெயரிட்ட பின்பே சாயத்துக்குப் போகவேண்டும்; முதலிலேயே சாயம் வந்தால் பார்வைக்கு வேலை இல்லாமல் போகிறது.

காய்ந்த நுண்மணலை அரிதட்டில் அரிக்கும்போது எழும் தூசி நுரையீரலுக்குக் கேடு. நனைத்து அரிக்க வேண்டும், வாயால் ஊதக் கூடாது. மொனசைற்றில் தோரியம் உண்டு; அதற்குச் சிறிதளவு கதிர்வீச்சு உண்டு. ஆலையில் பிரித்துச் செறிவாக்கிய மணலை வகுப்பறைக்குக் கொண்டுவரக் கூடாது. கரையில் எடுத்த சிறு அளவைக் கையாண்டபின் கை கழுவுவது பழக்கமாக வேண்டும். மணல் அகழ்வும் போக்குவரத்தும் 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியங்கள் சட்டத்தின் கீழ் அனுமதிக்கு உட்பட்டவை. தீப்பெட்டி என்ற எல்லைக்கு இதுவும் ஒரு காரணம். புறாத்தீவு 2003 முதல் தேசிய பூங்கா. அங்கிருந்து சிப்பியோ முருகைத்துண்டோ எடுக்க இடமில்லை.

இந்தக் கரையில் இன்னொரு கவனமும் வேண்டும். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலையாகக் கடல் மூதூரிலும் கிண்ணியாவிலும் ஊருக்குள் வந்தது. அதற்கு முன்னும் பின்னும் போர் இருந்தது. இன்று பள்ளியில் இருப்பவர்கள் அப்போது பிறக்காதவர்கள். ஆனாலும் வீட்டில் கடலைப் பற்றிப் பேசும் விதத்தில் அந்த நாள் இருக்கிறது. மருத்துவர் மார்கரெட் லோவன்ஃபெல்ட் 1920களின் இறுதியில் இலண்டனில் மணற்தட்டும் சிறு பொம்மைகளும் கொடுத்துப் பிள்ளைகளின் மனத்தை அறியும் முறையை உருவாக்கினார். டோரா கல்ஃப் சுவிற்சர்லாந்தில் அதை வளர்த்தார். மணல், சொல்ல முடியாததை வெளியே எடுக்கும் என்பது அவர்கள் அனுபவம். ஆசிரியர் அந்த வேலையைச் செய்யப் புறப்படக் கூடாது. ஒரு பிள்ளையின் படத்தில் அலை வீட்டைவிட உயரமாக எழுந்திருந்தால் அதை விளக்கச் சொல்லாமல், சுவரில் காட்டாமல், அப்படியே ஏற்றுக்கொண்டு, தேவைப்பட்டால் உரிய ஆலோசகரிடம் அழைத்துச் செல்வதே முறை.

திருகோணமலையின் கவிஞர்

மேல் வகுப்புகளில் பிரமிளை எடுக்கலாம். தருமு சிவராமு என்ற பெயரிலும் எழுதிய அவர் 1939இல் திருகோணமலையில் பிறந்தார். 1997இல் தமிழ்நாட்டில் மறைந்தார். சி. சு. செல்லப்பாவின் ‘எழுத்து’ இதழில் இளம் வயதிலேயே எழுதத் தொடங்கியவர்; ஓவியமும் வரைந்தவர். புதுக்கவிதையில் படிமம் என்றால் முதலில் நினைவுக்கு வரும் பெயர் அவருடையது. அவருடைய ‘காவியம்’ என்ற சிறுகவிதை சிறகிலிருந்து பிரிந்து, காற்றின் பக்கங்களில் ஒரு பறவையின் வாழ்வை எழுதிச் செல்லும் இறகைப் பற்றியது. எழுதுதலுக்கும் அழிதலுக்கும் நடுவில் நிற்கும் அந்த இறகை, நண்டு கீறிய ஈரமணலுக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்கும்போது ஒரே கரையின் இரண்டு கவிதைகளாகவே அவை தோன்றும். ‘மின்னல்’ என்ற கவிதையில் அவர் ஒரே காட்சியைப் படிமம் மேல் படிமமாக அடுக்குகிறார். ஒரு மணலுக்குப் பல பெயர் வைத்துப் பார்த்த வகுப்புக்கு அந்தக் கவிதையின் கட்டுமானம் எளிதில் விளங்கும்.

பசை பூசி நிலைப்படுத்தும் படம் வகுப்புக்கு ஒன்று போதும். மற்றவை இரண்டாம் நாள் கலைக்கப்படும். கலைக்குமுன் எழுதிய பிள்ளை தன் கவிதையை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லும். பிறகு மணல் நிறவாரியாகத் தீப்பெட்டிகளுக்குத் திரும்பும். கலந்துபோனதை அடுத்த வகுப்பு சிரட்டையில் பிரிக்கப் பழகும். கவிதைகள் ஒரு பொதுக் கொப்பியில் இருக்கும். அலுமாரியில் தீப்பெட்டிகள் வரிசையாக, ஒவ்வொன்றின் மேலும் பிள்ளையின் கையெழுத்தில்: புல்மோட்டை, மாசி, வாடை தணிந்த காலை. மூதூர், வைகாசி, கச்சான். தம்பலகாமம், வெள்ளாமை வெட்டிய மறுநாள்.